ஆடு தின்ற பதில்

ஆபீசில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே இளம் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். வேலையில் அவ்வளவு பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பின்னால் வந்து நின்று, “சரி, இந்த ஃபங்ஷன் கடைசியில் என்ன திருப்பிக் கொண்டுவருகிறது?” என்று கேட்டுவிடுவேன், அந்த பயம். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ரிட்டர்ன் டிக்கெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் மரியாதை கிடைப்பது கஷ்டம்.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபங்ஷன் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ‘கடையில் புளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா’ என்று நாம் அனுப்புகிற பையன்தான் அது. போனவன் எந்தச் சந்தில் நுழைந்து போனாலும் சரி, நாய் துரத்தினாலும் சரி, திரும்பி வந்து நம் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்ல வேண்டும். இருக்கிறது. அல்லது, இல்லை. அல்லது, கடை மூடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இதில் மூன்றாவதைத்தான் எழுத மறந்துவிடுவார்கள். கடை எப்போதும் திறந்தே இருக்கும் என்று இருபத்து மூன்று வயதில் எல்லோரும் நம்புகிறார்கள்.

போன மாதம் இப்படி ஒன்று நடந்தது. ஒரு குளிர்கிடங்கில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல எங்கள் பையன் ஒருவன் ஃபங்ஷன் எழுதியிருந்தான். அங்கே எலி ஒரு கம்பியைக் கடித்துவிட்டது. கம்பி அறுந்தால் அளவு தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக இவனுடைய ஃபங்ஷன் பூஜ்யம் என்று சொல்லிவிட்டது. பூஜ்யமும் ஒரு குளிர்தானே. ஆஹா, நல்ல குளிர் என்று கம்ப்யூட்டர் குளிரூட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் கதவைத் திறந்தவர்கள் உருளைக்கிழங்கின் நாற்றம் தாங்காமல் தெருவுக்கு ஓடினார்கள்.

திட்டுவதற்கு நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். அவன் பயந்துபோய், “கம்பி அறுந்துட்டா என்ன சார் பண்றது? ஏதாவது ஒண்ணத் திருப்பிக் குடுத்தாகணுமே, அதான் பூஜ்யம் போட்டேன்” என்றான்.

ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டுமே. ஒன்பது வயதில், ஏரிக் கலங்கலில், முட்டியளவு தண்ணீரில் அரை நிஜாரோடு நின்று நான் சொல்லிக்கொண்டதும் இதே வாக்கியம்தான். அவனிடம், சரி பண்ணிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அன்று முழுக்கப் பேசிக்கொண்டார்களாம்.

உத்திரமேரூரில் இருந்து ஏரிக்கரை மேலேயே நடந்து போனால் எங்கள் ஊர் வரும். ஊருக்கும் டவுனுக்கும் நடுவில், கரை மேல், ஓர் அம்மன் கோயில். கோயிலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கல்லுக் கட்டு மேல் வழிந்து ஓடும் இடம். இந்தக் கதைக்கு இவ்வளவு பூகோளம் போதும்.

அப்போது எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளைக் கல்யாணம் பண்ணிக்கொடுத்து நான்கு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை என்று அவள் மாமியார் ஒருநாள் ஒரே ஒரு துணிப் பையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். மாமா, அதாவது அத்தை புருஷன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். வாயைத் திறக்கவில்லையாம். அப்பாவுக்கு மாமியார் மேல் வந்த கோபத்தைவிட அந்த வாய் மேல் வந்த கோபம் அதிகம்.

எனக்கோ அது பெரிய அதிர்ஷ்டம். என் திருட்டு வேலைகளுக்கெல்லாம் அத்தைதான் கூட்டு. உறியில் இருந்து வெல்லம் எடுத்தால் பாதி அவளுக்கு. அப்பா கையெழுத்தைப் பார்த்து அச்சாக எழுதுவாள். எனக்கு எத்தனை லீவு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று கணக்கில்லை. அந்த லெட்டர்களின்படி நான் நான்காம் வகுப்பில் மூன்று முறை அம்மையில் படுத்தவன். புளியங்கொட்டை வறுத்துக் கொடுத்தபடியே எனக்கு வகுத்தல் கணக்கு போட்டுத் தருவாள். சிரித்தால் பின்வாசல் வரைக்கும் கேட்கும்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு கார்த்திகை மாதத்தில் மாமாவிடமிருந்து லெட்டர் வந்தது. இரண்டு வருடம் கழித்து. மில்லில் பம்பாய்ப் பக்கம் வேலை மாற்றிவிட்டார்கள், தன் அம்மா உடன் வரவில்லை, தனிக்குடித்தனம்தான், புதன்கிழமை ரயில். வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிட வேண்டியது, வராவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று அதில் இருந்தது. வாய் திறக்காத மனிதர் கடைசியில் திறந்துவிட்டார்.

அப்பா ஒரே பிடியாக நின்றார். “பஸ்ஸுல ஏத்தி அனுப்பினவன் நேர்ல வந்து இஸ்துக்கினு போவணும். லெட்டரு போட்டா நாம அனுப்பிடறதா? இன்னா நெனச்சிக்கினு கீறான் அவன்?”

அன்று மத்தியானம் அத்தை கல்யாணப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டாள். வெயிலே இல்லாத நாள் அது. அம்மா புடவையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம் என்றாள்.

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, எது எது என்று தெரியாதபடி அம்மன் காலடியில் வைப்பார்கள். உலகம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எடுத்த பொட்டலத்தைக் கோயிலில் பிரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கு ஏற்றி, எல்லோர் எதிரிலும்தான் பிரிக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி பிரிக்காமலே ஏரியில் விட்டுவிடுவார். அதில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கக் கூடாது.

அப்பாவும் ஒத்துக்கொண்டார். வெள்ளை வந்தால் செவ்வாய்க்கிழமை அத்தையை அவரே கொண்டுபோய் விடுவது, சிவப்பு வந்தால் பேச்சே இல்லை என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூ பறித்தோம். வேலியில் படர்ந்த நித்தியமல்லி வெள்ளைக்கு, கிணற்றடிச் செவ்வரளி சிவப்புக்கு. கட்டியது அத்தை. வீட்டில் பூக்கட்டுகிற கை அவளுடையதுதான் என்பதால் யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றவில்லை.

கோயிலுக்கு யார் போவது? அம்மா வீட்டுக்கு விலக்கு. அத்தை தன் விஷயத்துக்குத் தானே போகக் கூடாது. அப்பா, வயலில் வரப்பு உடைந்திருக்கிறது, அடைத்துவிட்டு வருகிறேன் என்று சாப்பிட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டார். ஆக, உலகம் தெரியாத குழந்தை தனியாகவே போனான். கிளம்பும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: “எட்த்துக்கினு நேரா வூட்டுக்கு வா. வழியில எங்கியும் நிக்காத.”

இதைவிடத் தெளிவாக ஒரு ஃபங்ஷனுக்குச் சொல்ல முடியாது.

கோயிலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்து, எடுடா என்றார். வலது பக்கத்துப் பொட்டலத்தின் மேல் ஒரு கட்டெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதனால் இடதை எடுத்தேன். தெய்வ சித்தம் அன்று கட்டெறும்பு வழியாக வந்தது. மற்றதைப் பூசாரி கரையில் இருந்தே ஏரிக்குள் வீசினார். நான் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஏதோ கலசம் சுமப்பவன் போலக் கரை மேல் நடந்தேன்.

கலங்கல் வரைக்கும்தான் அந்த பக்தி. தண்ணீர் கல்லுக்கட்டு மேல் வழிந்து ஓடியது. எதிர்த்து ஏறிய கெண்டைக் குஞ்சுகள் கல்லில் துள்ளித் துள்ளி விழுந்தன. என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாமி காரியமாகப் போகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டேதான் இறங்கினேன். பொட்டலம் நனையக் கூடாது என்று அதைப் பத்திரமாக மேட்டில் ஒரு கல் மேல் வைத்தேன். பொறுப்புள்ள பையன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆறு குஞ்சு பிடித்திருந்தேன். நிமிர்ந்தால் கல் மேல் பொட்டலம் இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளாடு நின்று, தாடியை ஆட்டி ஆட்டி மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் வாழைநார் தொங்கிற்று.

என் வாழ்க்கையில் எத்தனையோ முறை கலவரப்பட்டிருக்கிறேன். இரண்டு முறை பெரிய பெரிய கம்ப்யூட்டர்களையே நின்றுபோக வைத்திருக்கிறேன். ஆனால் அன்று பட்ட கலவரம்தான் மூலப்பிரதி. மற்றதெல்லாம் நகல். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் பச்சை. “துப்பு, துப்பு” என்று கெஞ்சினேன். அம்மன் மேல் ஆணை வைத்தேன். அது என் சட்டைப் பட்டனையும் சேர்த்துத் தின்றது. பையன்கள் சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழுந்தார்கள். கடைசியில் நாரை மட்டும் பிடுங்கிக்கொண்டேன்.

கோயிலுக்குத் திரும்பி ஓடலாம் என்றால் இன்னொரு பொட்டலம் ஏரியில். வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றால், ‘வழியில எங்கியும் நிக்காத’. அப்பாவின் கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆடு தின்றுவிட்டது, பதில் தெரியாது என்று சொல்ல ஒரு வழி இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது? ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டுமே.

கலங்கலுக்குப் பக்கத்தில் கன்னிமார் கல். அதைச் சுற்றிச் செவ்வரளி. ஒரு பூவைப் பறித்தேன். அந்த ஆடு பின்னாலேயே வந்தது. பூவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரளியை எந்த ஆடும் தொடாது, அது விஷம், அதனால்தான் வேலியில் வைக்கிறார்கள் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இந்த அரளியைத் தின்னாத ஆடு அந்தப் பொட்டலத்தைத் தின்றதே, அப்படியென்றால் உள்ளே இருந்தது எந்தப் பூ என்று நினைக்கிற அளவுக்குப் புத்தி அன்று வேலை செய்யவில்லை. ஆடு பதிலைச் சரியாகத்தான் கொடுத்தது.

பூவரச இலை எங்கேயும் கிடைக்கும். மடித்தேன். பிடுங்கிய நாரால் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சு, மாட்டைக் கட்டுத்தறியில் கட்டும் முடிச்சு. அந்தப் பொங்கலுக்குத்தான் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டேன்.

பல வருடம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட கதை இது: கைக்கு எட்டியது சிவப்புத்தான், அதனால் சிவப்பு. ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஹெட்மாஸ்டர் வீட்டு வேலியில் நித்தியமல்லி கொட்டிக் கிடக்கும். அதைத் தாண்டித்தான் வந்தேன். ஒரு கணம் நின்றேன்கூட. வறுத்த புளியங்கொட்டையும் வகுத்தல் கணக்கும் பம்பாய்க்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நடந்துவிட்டேன். இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். அப்பா எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வரப்பு அடைத்த ஆளின் காலில் சேறு இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. என் சட்டையில் பட்டன் இல்லை என்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையில் இருந்தேன்.

பொட்டலத்தை விளக்கின் முன் வைத்தேன். பிரிப்பதற்காக அத்தை எடுத்தாள். எடுத்தவள் பிரிக்கவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அவிழ்த்தாள். செவ்வரளி.

திண்ணையில் தள்ளி இருந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். அப்பா எழுந்து நின்றார், மண்ணெண்ணெய்த் துணியைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டார். அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றப்பட்டவர்கள் ஒரு மாதிரி அசையாமல் இருப்பார்களே, அப்படி இருந்தாள்.

“நீதான் கையால எட்த்தியா?” என்று கேட்டாள்.

கேட்டது என்னை. பார்த்தது அப்பாவை.

“ஆமா அத்த, நான்தான்” என்றேன். என்னைப் பார்க்காமல் கேட்டாளே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

செவ்வாய்க்கிழமை போயிற்று. புதன்கிழமையும் போயிற்று. மாமா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பிறகு எழுதவே இல்லை. சில வருடம் கழித்து அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அத்தை அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கும் சத்தம் நிற்கவில்லை.

எனக்குப் புளியங்கொட்டை கிடைத்தது. ஆனால் லீவு லெட்டர் நின்றுவிட்டது. பொய்யா எழுதறது எனக்கு ஒத்துக்கல, நீ இஸ்கூலுக்குப் போ என்றாள். சிரிப்புச் சத்தமும் பின்வாசல் வரைக்கும் போவதில்லை. இன்னொன்றும் மாறியது. அதுவரைக்கும் வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டவள் அதன் பிறகு அப்பாவை நேராகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. “சோறு ஆறுதுன்னு சொல்லு உங்கப்பாகிட்ட” என்பாள். அப்பா இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, சோறு ஆறுதாம்பா என்பேன். அப்பா, வரேன்னு சொல்லு என்பார். நான் திரும்பி, வராராம் என்பேன். நல்ல விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சில நாள் ரயில்வே ஸ்டேஷன் மைக் குரலில் அறிவிப்பேன். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு பதிலை ஒழுங்காகக் கொண்டுவராத பையன், ஒரே கூடத்துக்குள் எட்டு வருடம் பதில் சுமந்தான்.

அப்பாவுக்கு அது வலித்திருக்க வேண்டும். ஒருமுறை அம்மாவிடம், “சாமி சொன்னதுக்கு நான் இன்னாடி பண்ணுவேன்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மாவும் எனக்கின்னா தெரியும் என்றாள். எனக்குத் தெரிந்தது என்னோடு நின்றுவிட்டது.

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அத்தை அவர் படத்துக்குப் போட நித்தியமல்லி கட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது நெருங்கியும் கை அதே வேகம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“உங்கப்பா நல்லவருதான்டா. எனக்கு ஒரு நாளும் ஒரு கொற வச்சதில்ல. ஒரே ஒரு வாட்டிதான் அப்டி பண்ணிட்டாரு.”

என்ன பண்ணினார் என்று கேட்டேன்.

கையை நிறுத்தாமலே சொன்னாள். பம்பாய்க்குப் போக அவளுக்கு அவ்வளவு ஆசை. அதனால் அன்றைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டினாள். எதை எடுத்தாலும் வெள்ளை. செவ்வரளியைக் கிணற்றில் போட்டுவிட்டாள். “சாமிய ஏமாத்தினேன். ஒத்துக்கறேன். ஆனா வூட்டுக்கு வந்தது சிவப்பு. எப்டி வரும்? முடிச்சப் பாத்தேன். நான் போட்ட முடிச்சு இல்ல அது. மாட்டு முடிச்சு. உங்கப்பாவத் தவிர யாரு போடுவாங்க? அன்னிக்கு வரப்பு ஒடையவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சைக்கிள எட்த்துக்கினு கோயில் பக்கமா போனாருன்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க.” பூவின் காம்பைக் கிள்ளினாள். “பூசாரிகிட்ட சொல்லி மாத்தி வச்சிட்டாரு. கேட்டா என் திருட்டும் வெளிய வரும். என்னிய அனுப்பக் கூடாதுன்னு அவ்ளோ தூரம் போயிட்டவருகிட்ட இன்னாத்தப் பேசறது, சொல்லு.”

பிறகு நான் செய்ததற்கு தைரியம் என்று பெயர் கிடையாது. ஒன்பது வயதுப் பையனின் குரலில்தான் சொன்னேன். கெண்டைக் குஞ்சு, ஆடு, நார், கன்னிமார் கல், முடிச்சு. ஹெட்மாஸ்டர் வீட்டு வேலியையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அப்ப அண்ணன் ஒண்ணும் பண்ணலியா?”

இல்லை என்றேன். இந்த வாழ்க்கையில் அத்தைக்கு நான் கொடுத்த முதல் சரியான பதில். முப்பது வருடத்துக்கு மேல் தாமதம்.

அவள் எழுந்து படத்தின் முன் போய் நின்றாள். பாதி கட்டிய பூ மடியில் இருந்து தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. “அண்ணே” என்றாள். நான் பின்வாசல் பக்கம் போய்விட்டேன்.

அப்பா அன்று சைக்கிளில் எங்கேதான் போனார் என்ற கேள்வி அங்கே கிணற்றடியில் நின்றபோதுதான் எனக்கு வந்தது. கூடவே மண்ணெண்ணெய்த் துணியும் கட்டைவிரலும். பிறகு ஒரு டிரங்குப் பெட்டி.

சென்னையில் என் வீட்டுப் பரணில் இருந்த பெட்டி அது. பிளஸ் டூ முடித்து நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது அப்பா வயல் மோட்டார் கொட்டகையில் இருந்து வைக்கோல் தூசியோடு எடுத்துவந்து கொடுத்தார். மூடியில் கறுப்புப் பெயின்ட் ஒரு பட்டையாகப் பூசியிருந்தது. அந்த வாரமே சென்னைக்குத் திரும்பி, பரணில் இருந்து அதை இறக்கி, ஒரு நாணயத்தால் அந்தப் பட்டையைச் சுரண்டினேன். அடியில் வெள்ளைப் பெயின்டில் பெயர் எழுதியிருந்தது. டவுன் பஜாரில் பெட்டி வாங்கினால் கடை வாசலிலேயே ஆள் வைத்துப் பெயர் எழுதித் தருவார்களே, அந்த எழுத்து. அத்தையின் பெயர். பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து எங்கள் தாத்தாவுடையது இல்லை. மாமாவுடையது. முதல் எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் காய்வதற்குள் ஒரு கட்டைவிரல் பட்டு இழுத்திருந்தது.

கோயிலைத் தாண்டி டவுனுக்குப் போனவர், வாங்கிய பெட்டியோடு வயல் வழியாகத் திரும்பியிருக்க வேண்டும். வெள்ளைதான் வரும் என்று நம்பி, வருவதற்கு முன்னாலேயே போய் வாங்கியிருக்கிறார். அவ்வளவு நாள் எதிர்த்துப் பேசிய வாயோடு.

பெட்டியை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆனால் ஹாஸ்டலுக்குப் போன காலையைப் பற்றி எழுதியாக வேண்டும். பதினேழு வயது, அரைகுறை மீசை, எல்லாம் தெரிந்த திமிர். கறுப்புப் பட்டையின் ஓரத்தில் ஓர் எழுத்தின் கால் மட்டும் அன்றே வெளியில் தெரிந்தது. எங்கள் வீட்டு இனிஷியல் இல்லை. யாரோ வைத்திருந்த பழைய பெட்டியை என் தலையில் கட்டுகிறார் என்று எனக்கு ஒரே கோபம். எல்லோரும் புதுப் பெட்டியோடு வருவார்கள், எனக்கு மட்டும் செகண்ட் ஹேண்டா என்று கத்தினேன். அத்தை அடுப்படியில் எனக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா பெட்டியின் தூசியைத் துண்டால் தட்டினார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, தெளிவாகத்தான் சொன்னார்.

“பழசு இல்லடா. புச்சுதான். ஒருத்தருக்கு வாங்கினது. அவங்க போவல.”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பூட்டு எங்கே என்று கேட்டேன்.